காறையெலும்புக்குப் பின்னால் பார்க்கப்படாத சிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 13, உலக இரத்த உறைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். நெடுந்தூரப் பயணம் செய்வோர், அண்மையில் பிரசவித்த பெண்கள், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஆகியோரின் கால் சிரைகளில் இரத்தம் உறைவதையும், அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடையும்போது நேரும் ஆபத்தையும் அக்கட்டுரை எளிமையாகவும் சரியாகவும் விளக்கியிருந்தது. ஆனால் கையின் ஆழ்சிரைகளிலும், அதாவது உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளிலும், இதே நோய் வரும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆழ்சிரை இரத்த உறைவு கண்டவர்களில் நூற்றுக்கு 4 முதல் 10 பேருக்கு அது கையில்தான் இருக்கிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் கட்டுரையாளர் விட்டிருக்கலாம். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் அதே விடுபடல் நம் புறநோயாளிப் பிரிவுகளிலும் ஸ்கேன் அறைகளிலும் அன்றாடம் நிகழ்கிறது என்பதை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் கதிரியக்க மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அறிவேன். ஆகவே இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலில் வரும் உறைவுக்கும் கையில் வரும் உறைவுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, கையில் வருவது பெரும்பாலும் மருத்துவத்தின் பக்கவிளைவு என்பதே. கீமோதெரபிக்காக மார்பின் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட், மேற்கையில் நுழைத்து இதயத்துக்கு அருகே வரை செலுத்தும் பிக் லைன், ஐ.சி.யு.வில் கழுத்திலோ காறையெலும்புக்கு அடியிலோ போடும் சென்ட்ரல் லைன், டயாலிசிஸ் குழாய், பேஸ்மேக்கரின் கம்பி ஆகிய ஒவ்வொன்றும் சிரைக்குள் கிடக்கும் அயற்பொருள். இரத்தம் உறைவதற்கான காரணங்களாக இரத்த ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, இரத்தமே உறையும் தன்மை மிகுவது என்ற மூன்றையும் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரோடு சேர்த்து மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் பிறந்த நாளையே உலக இரத்த உறைவு நாளாகக் கொண்டாடுகிறோம். புற்றுநோயாளி ஒருவரின் கையில் பிக் லைன் இருந்தால் அந்த மூன்று காரணங்களும் ஒரே கையில் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. அந்தக் கை வீங்கினால் முதலில் எழ வேண்டிய ஐயம் எது என்பதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு வகை, உடல்நலம் மிக்க இளைஞர்களுக்கு வருவது. லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் 1875ஆம் ஆண்டிலும், வியன்னாவில் லியோபோல்ட் ஃபான் ஷ்ரோட்டர் 1884ஆம் ஆண்டிலும் இதைப் பற்றி எழுதினார்கள். 1949இல் ஹியூஸ் என்ற அறுவை மருத்துவர் அவ்விருவரின் பெயரையும் சேர்த்து இந்நோய்க்குச் சூட்டினார். கையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை, காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கு வழியாகச் செல்கிறது. கையைத் தலைக்கு மேல் திரும்பத் திரும்ப உயர்த்தி உழைப்பவர்களுக்கு, அதாவது பளு தூக்குவோர், நீச்சல் வீரர்கள், வாலிபால் ஆடுவோர், சுவருக்கு வர்ணம் பூசுவோர் போன்றோருக்கு, அந்த இடுக்கில் சிரை மீண்டும் மீண்டும் நசுங்கி, அதன் சுவர் தடித்து, ஒரு நாள் கடும் உழைப்புக்குப் பின் அங்கே இரத்தம் உறைந்துவிடுகிறது. ஓரிரு நாளில் கை முழுவதும் வீங்கிக் கனக்கிறது. நிறம் நீலம் பாரிக்கிறது. தோளிலும் மேல்மார்பிலும் அதுவரை காணாத சிரைகள் புடைத்துத் தெரிகின்றன.

அந்த இளைஞர் நம் ஊரில் முதலில் எங்கே போகிறார்? சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தேய்த்து உருவி விடுபவரிடம் போகிறார். உறைகட்டி இருக்கும் கையை உருவவே கூடாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அடுத்து எலும்பு மருத்துவரிடம் போகிறார், எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது, எலும்பில் முறிவு இல்லாததால் வலி மாத்திரையோடு வீடு திரும்புகிறார். தேர்ந்தெடுத்த சிலருக்கு உறைகட்டியை மருந்து செலுத்திக் கரைக்கும் சிகிச்சை உதவும். ஆனால் அது ஏறத்தாழ முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். அந்த இரண்டு வாரங்களும் எண்ணெயிலும் வலி மாத்திரையிலும் கழிந்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

வீங்கிய கையைக் கண்டவுடன் நம் பகுதியில் மருத்துவர்களின் நினைவுக்கு முதலில் வருபவை வேறு சில நோய்கள். யானைக்கால் நோய்க் கிருமியால் கையும் வீங்கும் என்பதால் அந்த ஐயம் எழுகிறது. தோல் சிவந்திருந்தால் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் தொடங்கப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்ணாக இருந்தால், நிணநீர் தேங்கிய வீக்கம் என்று கேள்வியே இல்லாமல் முடிவு செய்யப்படுகிறது. இவையெல்லாம் உண்மையிலேயே உள்ள நோய்கள். பல வேளைகளில் இம்முடிவு சரியாகவும் இருக்கும். நிணநீர் வீக்கம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும், வலி குறைவு, தோளில் சிரைகள் புடைக்காது. சிரை உறைவோ சில நாட்களிலேயே வலியோடும் நீலம் பாரித்த நிறத்தோடும் வரும். ஆனால் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து மட்டும் உறுதி செய்துவிட முடியாது. வீங்கிய கையோடு ஐயத்தின் பேரில் அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு உறைவு இருப்பதில்லை என்பதும் உண்மை. எனவே ஐயப்படவும் வேண்டும், அந்த ஐயத்தைச் சோதித்துத் தீர்க்கவும் வேண்டும்.

சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பிரான்சில் கான்ஸ்தான்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. சிரைக்குள் குழாயோ பேஸ்மேக்கர் கம்பியோ இருந்தால் ஒரு மதிப்பெண். குறிப்பிட்ட இடத்தில் வலி இருந்தால் ஒன்று. ஒரு கையில் மட்டும், விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால் ஒன்று. வேறொரு நோய் அதே அளவுக்காவது பொருந்திவருமானால் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். கூட்டுத்தொகை 2 அல்லது 3 என்றால் உறைவு இருக்க வாய்ப்பு அதிகம். 1 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு. கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் இளம் மருத்துவர்கூட ஒரு நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம்.

இந்த மதிப்பெண்ணோடு, உறைகட்டி சிதையும்போது இரத்தத்தில் சேரும் பொருளை அளக்கும் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையையும் அல்ட்ராசவுண்டையும் வரிசையாகச் சேர்த்தால் என்ன பயன் என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 16 மருத்துவமனைகளில் 406 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைவாகவும் டி-டைமர் இயல்பாகவும் இருந்த 87 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, ஸ்கேன் இல்லாமலேயே உறைவு இல்லை என்று முடிவு செய்ய முடிந்தது. சோதனைகளின் முடிவில் 103 பேருக்கு ஆழ்சிரை உறைவு இருப்பது தெரிந்தது. உறைவு இல்லை என்று அனுப்பப்பட்ட 249 பேரை மூன்று மாதம் கண்காணித்ததில் ஒருவருக்கு மட்டுமே பின்னர் உறைவு வந்தது. ஒழுங்கான வரிசையில் சோதித்தால் நோயாளியைத் துணிந்து வீட்டுக்கு அனுப்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்நோயில் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் பரிந்துரைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. டி-டைமர் இயல்பாக இருந்தால்தான் அதனால் பயன். உயர்ந்திருந்தால் அது எதையும் உறுதி செய்வதில்லை. புற்றுநோய், கர்ப்பம், அறுவை சிகிச்சை, கடும் தொற்று ஆகிய எல்லாவற்றிலும் அது உயரும். வார்டில் படுத்திருக்கும் பிக் லைன் நோயாளிக்கு அப்பரிசோதனையைச் செய்து, உயர்ந்திருக்கிறது என்று கண்டு, அதன் பிறகு ஸ்கேனுக்கு எழுதுவது வீண் செலவும் காலதாமதமும் ஆகும். அவரை நேரே ஸ்கேனுக்கு அனுப்பிவிடலாம்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அறிக்கையில் இயல்பு என்று வந்துவிட்டது, ஆகவே உறைவு இல்லை என்ற முடிவு காலின் விஷயத்தில் பெரும்பாலும் நம்பத்தக்கது. கையின் விஷயத்தில், ஸ்கேன் எதுவரை பார்த்தது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது.

காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் சிரை உறைவைக் கண்டறிய மிக நம்பகமான வழி, கருவியின் முனையால் சிரையை அழுத்திப் பார்ப்பதே. நல்ல சிரை அழுத்தினால் முழுவதுமாக ஒட்டிக்கொண்டு திரையிலிருந்து மறைந்துவிடும். உள்ளே உறைகட்டி இருந்தால் மறையாது. புதிய உறைகட்டி திரையில் இரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியக்கூடும் என்பதால், வெறுமனே பார்ப்பது போதாது, அழுத்தியே ஆக வேண்டும். முழங்கைக்கு மேலுள்ள பிரேக்கியல் சிரைகளையும், அக்குள் சிரையையும், கழுத்திலுள்ள ஜுகுலர் சிரையையும் இப்படி அழுத்திப் பார்க்கலாம். ஆனால் காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே செல்வதாக நான் மேலே சொன்ன பெரிய சிரையான சப்கிளேவியன் சிரையின் நடுப்பகுதி காறையெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எலும்பை ஊடுருவி ஒலி அலை செல்லாது. எலும்பின் மேல் அழுத்தியும் பயனில்லை. அதற்கும் உள்ளே, மார்பெலும்புக்குப் பின்னால் கிடக்கும் பிரேக்கியோசெஃபாலிக் சிரையையும், தலை, கைகளின் இரத்தத்தை இதயத்தில் சேர்க்கும் மேற்பெருஞ்சிரையையும் அழுத்த வழியே கிடையாது. குழாய் பொருத்தியவர்களுக்கும் கடும் உழைப்பால் உறைவு வந்தவர்களுக்கும் உறைகட்டி பெரும்பாலும் தோன்றும் இடமோ இதே பகுதி. கருவி எளிதில் எட்டும் இடம் ஒன்று, நோய் குடிகொள்ளும் இடம் வேறொன்று.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, அழுத்திப் பார்க்கும் முறை உறைவு உள்ள நூறு பேரில் 97 பேரைக் கண்டுபிடிக்கிறது. அழுத்தாமல், இரத்த ஓட்டத்தை அலையாகக் காட்டும் டாப்ளரால் ஓட்டத்தை மட்டும் பார்க்கும் முறை 84 பேரையே கண்டுபிடிக்கிறது. அந்த ஆய்வுகள் சிறியவை. எனவே இவ்வெண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் காறையெலும்பைத் தாண்டியதும் நாம் முதல் எண்ணை விட்டு இரண்டாம் எண்ணை நோக்கி நகர்கிறோம் என்பதே என் அனுபவமும்.

நேரில் பார்க்க இயலாத அந்தப் பகுதியைப் பற்றி மறைமுகமாக அறியச் சில வழிகள் உள்ளன; அவற்றை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கையின் சிரைகள் இதயத்துக்கு அருகில் இருப்பதால், நல்ல நிலையில் அவற்றின் டாப்ளர் அலை மூச்சுக்கேற்ப ஏறி இறங்குவதோடு இதயத் துடிப்புக்கேற்பவும் அசையும். மேலே எங்கோ அடைப்பு இருந்தால் அந்த அசைவு மறைந்து, ஓட்டம் ஏற்றத்தாழ்வின்றி ஒரே தட்டையாகிவிடும். நோயாளியை மூக்கால் சட்டென்று உறிஞ்சி மூச்சிழுக்கச் சொன்னால், அடைப்பில்லாத சப்கிளேவியன் சிரை கணநேரம் சுருங்கி விரியும், அடைப்பிருந்தால் அசையாது. இவற்றையெல்லாம் வீங்காத மறு கையிலும் செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு கையை மட்டும் பார்த்துவிட்டு அலை சற்றே தட்டையாக இருக்கிறது என்று எழுதுவதால் எவருக்கும் பயனில்லை. நன்றாக இருக்கும் கையே அந்த நோயாளிக்குரிய அளவுகோல். காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் சிறிய முனை கொண்ட கருவியை வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் உள்ளே உள்ள சிரையின் ஒரு பகுதியையும் சிலரிடம் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் தவறு நேரலாம். சிரையை முழுவதும் அடைக்காத உறைகட்டி ஓட்டத்தைக் குலைக்காமல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது அலை இயல்பாகவே தெரியும். நாட்பட்ட அடைப்பில், அதைச் சுற்றிக்கொண்டு போகும் பக்கச் சிரை ஒன்று பெருத்து, அதையே சப்கிளேவியன் சிரை என்று அனுபவமுள்ளவர்கள்கூட எண்ணிவிட நேரும்.

ஆகவே ஸ்கேன் அறிக்கை எழுதும் என் துறை நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கையின் சிரைகள் இயல்பு என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எந்தெந்தச் சிரையை அழுத்திப் பார்த்தீர்கள், எதை டாப்ளரால் மட்டும் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவே இயலவில்லை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சப்கிளேவியன் சிரையின் நடுப்பகுதி தெரியவில்லை என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. அந்த ஒரு வரிதான் சிகிச்சை அளிக்கும் மருத்துவரை அடுத்த சோதனையைப் பற்றி யோசிக்க வைக்கும். அதேபோல் பேசிலிக், செஃபாலிக் ஆகிய, தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் மேற்சிரைகளில் மட்டும் உறைவு இருந்தால் அதையும் அப்பெயராலேயே குறிக்க வேண்டும். சாதாரண ஊசிக் குழாய் போட்ட இடத்தில் மேற்சிரை வீங்கி இறுகுவது வார்டுகளில் அன்றாடம் காண்பது. அது ஆழ்சிரை உறைவு என்று தவறாகப் படிக்கப்பட்டு, தேவையற்ற ஒருவர் மூன்று மாதம் இரத்த உறைவெதிர்ப்பு மருந்து உண்ணும்படி ஆகிவிடக் கூடாது. இரத்தப்போக்கின் ஆபத்து அந்த மருந்துகளோடு கூடவே வருகிறது.

ஸ்கேனுக்கு எழுதி அனுப்பும் மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. கை ஸ்கேன் என்று மட்டும் எழுதிய சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு எந்தப் பக்கம் எந்தக் குழாய் எப்போது போடப்பட்டது, வீக்கம் எத்தனை நாளாக இருக்கிறது, மதிப்பெண் எவ்வளவு என்ற செய்திகள் இருந்தால் ஸ்கேன் செய்பவர் தேடும் விதமே மாறும். ஐயம் வலுவாக இருந்து ஸ்கேன் தெளிவில்லாமல் வந்தால் அதோடு நின்றுவிடவும் கூடாது. சில நாள் கழித்து மீண்டும் அல்ட்ராசவுண்ட் செய்யலாம், சிரைகளைப் படம்பிடிக்கும் சி.டி. அல்லது எம்.ஆர். வெனோகிராம் எடுக்கலாம், சிரைக்குள் நேரடியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பழைய முறையும் இன்றும் பயன்படுகிறது. முகமும் இரு கைகளும் சேர்ந்து வீங்கி, கழுத்துச் சிரைகள் புடைத்திருந்தால் மேற்பெருஞ்சிரையே அடைபட்டிருக்கக்கூடும். அங்கே மார்பின் சி.டி.யைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் அடைப்புக்குக் காரணமான கட்டியும் அதில் தெரியவரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயம் செலுத்துவதில் உள்ள சிக்கலை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்கே கையின் சிரைகள் மற்றவர்களைவிட மிக முக்கியம் என்பதையும் மறக்கக் கூடாது. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை அமைக்க நாளை அந்தச் சிரைகள்தாம் தேவைப்படும்.

இரவில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அல்ட்ராசவுண்ட் இயந்திரம் பதிவு பெற்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். தகுதி பெற்ற மருத்துவர்தான் அதை இயக்க வேண்டும். பெண் குழந்தைகளைக் காக்க வந்த அந்தச் சட்டத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். அதனால், சில நாடுகளில் உள்ளதுபோல் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் இரவில் வார்டுக்கே வந்து கையின் சிரையைப் பார்க்கும் வசதியை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஸ்கேன் காலையில்தான் என்பதற்காகச் சிகிச்சையும் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐயம் வலுவாக இருந்து, இரத்தப்போக்குக்கான ஆபத்து இல்லை என்றால், உறைவெதிர்ப்பு மருந்தான ஹெப்பாரினை இரவே தொடங்கிவிட்டுக் காலையில் ஸ்கேன் செய்யலாம். பதற்றத்தில் குழாயை உடனே பிடுங்கிவிடவும் வேண்டாம். குழாய் தேவைப்பட்டு, நன்றாக வேலை செய்து, தொற்றும் இல்லாதிருந்தால் அதை வைத்துக்கொண்டே சிகிச்சை தரலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

இறுதியாக, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீடுதோறும் செல்லும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் மேற்சொன்ன நோயாளிகளைப் பலமுறை சந்திக்கிறார்கள். மார்பக அறுவைக்குப் பின் கை வீங்கிய பெண்ணுக்கு நிணநீரை வடிக்கும் உருவுதலையோ இறுக்கக் கட்டையோ தொடங்குமுன், வீக்கம் திடீரென்று சில நாட்களில் வந்ததா, வலி உண்டா, தோளில் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்று அவர்கள் கேட்டாக வேண்டும். ஒன்றுக்கேனும் ஆம் என்று பதில் வந்தால் உருவாமல் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். பிக் லைன் பொருத்தும் ஒவ்வொரு மருத்துவமனையும் அந்நாளிலேயே முழங்கை மடிப்புக்கு மேலே 10 செ.மீ. தொலைவில் கையின் சுற்றளவை அளந்து நோயாளியின் கையேட்டில் எழுதித் தர வேண்டும். சாதாரண அளவு நாடா போதும். பின்னர் அதே இடத்தில் அளக்கும்போது 3 செ.மீ. கூடி, கையில் வீக்கமும் காணப்பட்டால், அன்றே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பையும் அதே பக்கத்தில் அச்சிட்டுத் தருமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கதிரியக்க மருத்துவர்